பதினோராம் வகுப்பு மாணவி எழுதிய ஒரு காதல் கதை: ஆண்டுமலரில் போடலாமா?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஆண்டுமலருக்கு ஒரு மாணவி கொடுத்த கதையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ‘கதை நல்லா இருக்கு, ஆனா முடிவே இல்ல’ என்கிறீர்கள். லைட் ஹவுஸ் பக்கம் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தி ‘நாளைக்கு பிசிக்ஸ் டெஸ்ட்டுடி’ என்கிறாள், அத்தோடு சரி. இந்த மாதிரிக் கதைகள் பதின்பருவத்தினருக்கென்று இருக்கின்றனவா, இருந்தால் படிக்கக் கொடுக்கலாமா, இந்தக் கதைக்கு என்ன முடிவு எழுதச் சொல்வது என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். நாலாவது ஒன்று போகிற போக்கில் வந்து விழுந்திருக்கிறது: ‘இது அவளோட சொந்தக் கதையோன்னு பயமா இருக்கு.’ மற்ற மூன்றும் இந்தப் பயத்திலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. அதனால் அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடம் நூலகராக இருந்தேன். இப்போது இளையோர் கதைப் பிரதிகளைச் செம்மை பார்க்கிறேன், விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கதைப் பயிலரங்கு நடத்துகிறேன். மனநலம் படித்தவள் இல்லை, வக்கீலும் இல்லை. கதையைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். பிள்ளையின் மனதைப் பற்றி நான் ஏதாவது சொன்னால், வயதான ஒருத்தி சொல்கிறாள் என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இருக்கின்றனவா என்றால், ஆங்கிலத்தில் இருக்கின்றன, அதுவும் மெதுவாகத்தான் வந்தன. இளையோருக்கான நாவலில் இந்த விஷயம் முதலில் தலைகாட்டியது 1969-இல், ஜான் டோனவன் என்பவர் எழுதிய நாவலில். இரண்டு பையன்களுக்குள் ஒரு நெருக்கம் வருகிறது, அதற்குப் பிறகு கதாநாயகனின் நாய் வண்டியில் அடிபட்டுச் சாகிறது. தன்னால்தான் என்று அவன் குற்ற உணர்ச்சியில் புழுங்குகிறான். அதற்கடுத்து வந்த பல கதைகளிலும் யாரோ ஒருவர் விபத்தில் சிக்கினார்கள், செத்தார்கள், அல்லது ஊரைவிட்டுப் போனார்கள். அந்த வாய்ப்பாட்டை உடைத்ததில் 1982-இல் நான்சி கார்டன் எழுதிய ‘ஆனி ஆன் மை மைண்ட்’ முக்கியமானது. அதில் இரண்டு பெண்களும் உயிரோடு இருக்கிறார்கள், கடைசியில் ஒருத்தி மற்றவளுக்குப் போன் செய்கிறாள். சிறுகதைக்கு வந்தால், 1994-இல் மேரியன் டேன் பாயர் தொகுத்த ‘ஆம் ஐ ப்ளூ?’ என்ற பதினாறு கதைத் தொகுப்புதான் பெரிய திருப்பம். தலைப்புக் கதையை எழுதியவர் புரூஸ் கோவில். அடிவாங்கி விழுந்து கிடக்கும் ஒரு பையனுக்கு வரம் கொடுக்க ஒரு தேவதை வருகிறது, அதுவும் ஆண் தேவதை. ஒரே ஒரு நாள், தன்பாலீர்ப்பு உள்ள எல்லோரும் அவரவர் அளவுக்கு நீலமாகத் தெரிய வேண்டும் என்று வரம். விடிந்து பார்த்தால் தெருவில் எங்கே திரும்பினாலும் நீலம், வெளிர்நீலம், கருநீலம். வகுப்பில் படித்துக் காட்டினால் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். இந்த விஷயத்தில் சிரிக்கலாம் என்பதே அன்றைக்குப் புதுசு.

நம் பக்கம் பார்த்தால் இளையோருக்கென்று எழுதப்பட்டது குறைவு, இளையோரைப் பற்றிப் பெரியவர்களுக்காக எழுதப்பட்டது கொஞ்சம் உண்டு. இந்தியில் உக்ர என்ற எழுத்தாளர் 1924 முதல் எழுதி 1927-இல் ‘சாக்லேட்’ என்று தொகுத்த கதைகளில் பள்ளி வயதுப் பையன்கள் வருகிறார்கள். கண்டிப்பதற்காகவே எழுதினேன் என்றார் அவர். உருதுவில் இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ 1942-இல் வந்து ஆபாச வழக்கு வரை போனது, வழக்கு நிற்கவில்லை. அதைச் சொல்வது ஒரு சிறுமியின் கண், ஆனால் அது சிறுமிகளுக்கான கதையே இல்லை. தமிழில் கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ 1978-இல் வந்தது. பெரிய நாவல், எனக்குப் பிடித்த நாவல். ஆனால் அதில் சிறுவன் கணேசன் வசதி படைத்த பெரியவர்களின் பிடியில் கிடப்பவன், பின்னால் தொழுநோயும் வருகிறது. பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று தன் முகத்தைத் தேடி அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அங்கே இருப்பது சுரண்டலும் நோயும்தான். பெரியவர் சிறுவனிடம் செய்கிற கொடுமையும், ஒரே வயதுப் பிள்ளைகள் இருவருக்குள் வருகிற ஈர்ப்பும் ஒன்றல்ல. நம் இலக்கியத்தில் இவை இரண்டும் நெடுங்காலம் குழம்பியே கிடந்தன, நம் ஸ்டாஃப் ரூம்களில் இன்னமும் அப்படித்தான். இந்திய ஆங்கிலத்தில் 2014-இல் ஹிமாஞ்சலி சங்கரின் ‘டாக்கிங் ஆஃப் முஸ்கான்’ இளையோர் நாவலாகவே வந்தது. பள்ளி மாணவி முஸ்கானின் கதையை வகுப்புத் தோழர்கள் மூன்று பேர் சொல்கிறார்கள், முஸ்கான் பேசுவதில்லை. தமிழில் 2018-இல் குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ் வெளியிட்ட கிரீஷின் ‘விடுபட்டவை’, தன்னைப் பற்றித் தானே பேசுகிற குரல். நீங்கள் படிக்க வேண்டிய புத்தகம், பதினோராம் வகுப்புக்கு நேரே தூக்கிக் கொடுக்க வேண்டியது என்று சொல்ல மாட்டேன். பொதுவாகவே நம்மிடம் பிள்ளைகள் சிறுவர் இதழான கோகுலத்திலிருந்து ஒரே தாவலாகப் பெரியவர்கள் நாவலுக்குப் போனவர்கள். நடுவில் இருக்க வேண்டிய தட்டே காலி. இந்த விஷயத்தில் அந்தக் காலியிடம் இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

சரி, ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்த்துக் கொடுத்துவிடலாமே என்று ஒருகாலத்தில் நானும் நினைத்தேன். நாலைந்து கதைகளை முயன்று பார்த்தபோது ஒன்று இடறியது. அந்தக் கதைகளில் பாதிக்கு மேல் ஒரு அறை வருகிறது. பையனுக்கு என்று ஒரு அறை, அதற்குத் தாழ்ப்பாள், அம்மா தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அந்த அறைக்கதவு திறப்பதுதான் கதையின் உச்சம். வியாசர்பாடியிலோ சைதாப்பேட்டையிலோ ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பாட்டி, தம்பி, சித்தி மகள் என்று ஆறு பேர் படுக்கிற இடத்தில் எந்தக் கதவைத் திறப்பது? இங்கே ரகசியத்துக்குச் சுவர் கிடையாது, அதற்குப் பதில் ஒரு போர்வை இருக்கிறது. அந்தப் போர்வைக்குப் பெயர் நட்பு. இரண்டு பையன்கள் தோளில் கைபோட்டு ரங்கநாதன் தெரு முழுக்க நடந்தாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு பெண்கள் ஒரே முழம் பூவைக் கிள்ளிப் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டால் ‘என்ன ஒத்துமை பாரு’ என்று அத்தைகள் மெச்சுகிறார்கள். எல்லாம் எல்லோர் கண்ணிலும் படுகிறது, எதுவும் யாருக்கும் தெரிவதில்லை. பிடிபட்டுவிடுவோம் என்ற பயம் எப்போதோ ஒருநாள் வருவது. இப்படிக் கண்முன்னே இருந்தும் தெரியாமல் போவதுதான் தினசரி வலி. இதை எழுதத் தெரிந்தவர்தான் இந்த ஊரின் கதையை எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். பயிலரங்கில் ஒரு பையன் மூன்றே பக்கத்தில் 29சி பஸ்ஸில் நடக்கிற ஒரு கதை எழுதினான். லஸ்ஸில் இறங்க வேண்டியவன் நண்பனோடு அடையாறு வரை போகிறான். ‘எனக்கு அங்க ட்யூஷன்’ என்று பொய். பள்ளி பஸ் பாஸைக் காட்டிச் சமாளிக்கிறான். நண்பன் இறங்கியதும் எதிர்ப்பக்கம் போய் நின்று திரும்பி வருகிற பஸ்ஸைப் பிடிக்கிறான். ஒருநாள் கண்டக்டர், ‘ஏம்பா, உன் பாஸ்ல லஸ்னுதானே இருக்கு?’ என்று நண்பன் எதிரிலேயே கேட்டுவிடுகிறார். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறான். அவ்வளவுதான் கதை. காதல் என்ற சொல்லே இல்லை. படித்துக் காட்டியபோது பின்வரிசைப் பையன்கள், ‘ஃப்ரெண்ட்ஷிப் கதை, சூப்பர்டா’ என்று கை தட்டினார்கள். எழுதியவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் சொன்ன போர்வை அதுதான்.

அவன் ஏன் அந்தச் சொல்லைப் போடவில்லை என்பதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. அவனுக்குத் தமிழில் கிடைத்த சொற்கள் அப்படி. பேப்பர்களில் நெடுங்காலம் புழங்கியது ‘ஓரினச்சேர்க்கை’. சேர்க்கை என்பது ஒரு செயல். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் கழுத்தோரத்தைப் பார்த்தால் படபடப்பாக இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் அறியாத பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அந்தச் சொல்லைக் கொடுத்தால் அது அருவருத்துத் தூரப் போகும். ‘தன்பாலீர்ப்பு’, ‘ஒருபாலீர்ப்பு’ என்ற சொற்கள் ஈர்ப்பைச் சொல்கின்றன, உணர்வைச் சொல்கின்றன, வயதுக்குப் பொருந்துகின்றன. இந்த மாற்றம் தானாக நடக்கவில்லை. சென்னையில் 2003 முதல் இயங்கும் ஓரினம் போன்ற குழுக்கள் சொல் சொல்லாகப் பேசிப் பேசிக் கொண்டுவந்தது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதன் பேரில் தமிழக அரசே 2022-இல் மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கு அரசிதழ் எட்டவில்லை என்பது வேறு விஷயம். அங்கே இன்னும் ஒரு எண்ணே வசவு. வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் நம்பர் வந்துவிடக் கூடாது என்று ஜூன் மாதம் வேண்டிக்கொண்ட பையனை எனக்குத் தெரியும். வந்தது ஒன்பதுதான். வருடம் முழுக்க ‘பிரசன்ட் மிஸ்’ என்பதை வாய்க்குள்ளேயே சொன்னான்.

இலக்கணமும் ஒரு கை பார்க்கிறது. தமிழில் படர்க்கையில் எழுதினால் வினைமுற்று ஒவ்வொன்றும் காட்டிக்கொடுக்கும்: வந்தாள், சிரித்தாள், பூவை நீட்டினாள். ஒரு வரிகூட மறைக்க முடியாது. ஆனால் தன்மையிலும் முன்னிலையிலும் பால் கிடையாது. ‘நீ வந்தாய், நான் பார்த்தேன்’ என்று பத்துப் பக்கம் எழுதினாலும் யார் என்ன என்று தெரியாது. பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். ‘நீ’ என்று விளித்து எழுதப்பட்ட கதைகளில் சிலவற்றை நான் இப்போது இரண்டாவது முறை வாசிக்கிறேன். உங்கள் மாணவி படர்க்கையில் எழுதியிருக்கிறாள். அவள், அவளை, அவளுக்கு. தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள்.

தமிழாசிரியை என்பதால் உங்களிடம் இன்னொன்றும் சொல்லலாம். இந்தக் கதைகளுக்கு வேண்டிய கட்டுமானம் நம் அகப்பாட்டில், அதாவது சங்கக் காதல் பாட்டில், தயாராக இருக்கிறது. மறைவாக வளர்கிற காதலான களவு, ஊர் வாய் மெல்லுகிற அலர், பெண்ணை வீட்டில் அடைக்கிற இற்செறிப்பு. மகள் வாடுவது காதலால் என்று தெரியாமல் அன்னை, முருகன் பூசாரியான வேலனை அழைத்து ஆட்டுக்குட்டி அறுத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவது. இல்லாத நோய்க்கு மருந்து! தோழி அதைப் பார்த்துச் சிரிப்பாள். இன்றைக்கு இதே ஊரில் பிள்ளையைச் ‘சரிபண்ண’ டாக்டரிடமும் சாமியாரிடமும் இழுத்துப் போகிறார்களே, அதை எழுத இதைவிட நல்ல சட்டகம் எங்கே கிடைக்கும்? பிறகு அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் என்று ரகசியம் கைமாறிக் கைமாறி வெளியே வருகிறது. அமெரிக்கக் கதையில் பிள்ளை தானே சாப்பாட்டு மேசையில் அறிவிக்கும், நம் மரபில் தோழி பேசுவாள். குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம், அந்தப் பாட்டே ஒரு தோழி, தன் தலைவிக்காக அன்னையிடம் பேசுகிற பேச்சு என்பதை எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறோம்? ஒரு எச்சரிக்கையும் உண்டு. அகப்பாட்டின் காதல் ஆணுக்கும் பெண்ணுக்குமானது, அதில் சந்தேகமில்லை. நான் வடிவத்தைத்தான் கடன் கேட்கிறேன். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் காதலர்கள் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். புறநானூற்றுப் பாடல்கள் சொல்வது காணாமலே வளர்ந்து, கூடவே வடக்கிருந்து உண்ணாமல் உயிர்விடுகிற அளவுக்குப் போன நட்பு. அதற்கு மேல் ஏற்றிச் சொல்ல வரிகளில் ஆதாரம் இல்லை. பழைய காலத்தில் சாட்சி தேடி அலைய வேண்டிய அவசியமும் பிள்ளைகளுக்கு இல்லை.

இனி முடிவு விஷயம். இதில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். நூலகராக இருந்த புதிதில், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதே மாதிரி ஒரு கதை கொண்டுவந்தாள். பக்கத்து பெஞ்ச் பெண்ணின் ஹேர்பின்னை எடுத்து வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்காமலே இருக்கிறவளின் கதை. நான் சிவப்பு மையால் ‘அவள்’ எல்லாவற்றையும் ‘அவன்’ ஆக்கினேன். ஹேர்பின்னைப் பேனா ஆக்கினேன். ‘இப்பப் போடலாம், நல்லா வந்திருக்கு’ என்று முதுகில் தட்டினேன். ஆண்டுமலரில் அவள் பெயரோடு வந்தது. அவள் அந்தப் பிரதியை வாங்கிக்கொள்ளவில்லை, என்னிடம் வேறு கதை எதுவும் கொண்டுவரவும் இல்லை. அந்தக் காலத்தில் சட்டமே இதைக் குற்றம் என்றது, நான் அவளைக் காப்பாற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் நான் காப்பாற்றியது என்னை.

சட்டம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் தலைமையாசிரியர் கேட்பார். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்தவர்கள் மனமொத்து வாழ்வதை, அதைக் குற்றமாக்கியிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவிலிருந்து விலக்கியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு போட்டார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் இதைப் புரிந்துகொள்ளத் தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார் அந்த நீதிபதி. பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அந்த உத்தரவு தடைசெய்கிறது, பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்குப் புரியவைக்கவும் யோசனை சொல்கிறது. இது உங்கள் கையில் இருக்கட்டும். மறுபக்கம் ஒரு கோடும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல்ரீதியாகச் சித்திரிப்பது எந்தப் பாலினமானாலும் கூடாது, போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதில் கடுமையானவை. நீங்கள் சொன்ன கதையில் மணலும் பிசிக்ஸ் டெஸ்ட்டும்தான் இருக்கின்றன, கவலை வேண்டாம்.

உங்கள் நாலாவது கேள்விக்கு வருகிறேன். அது அவள் கதையா என்று கேட்காதீர்கள். கொலைக் கதை எழுதிய பையனிடம் யாரைக் கொன்றாய் என்று கேட்கிறோமா? அவளாக வந்து சொன்னால் கேளுங்கள், வீட்டுக்குச் சொல்லாதீர்கள். தோழிகூடத் தலைவி சொன்ன பிறகுதான் செவிலியிடம் போகிறாள். சொல்லும்போது அவள் உடைந்துபோனால், வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், அப்போது நீங்கள் மட்டும் சுமக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். ஒரு கதை அச்சானதால் ஒரு பிள்ளை பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், அவ்வளவு பாரத்தைக் கதையின் தலையில் ஏற்றக் கூடாது.

ஆண்டுமலரில் போடுவதா என்பதை அவளிடமே கேளுங்கள், உங்கள் பள்ளியில் யார் யார் படிப்பார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிக் கேளுங்கள். பெயரோடா, புனைபெயரிலா, அல்லது இந்த வருடம் வேண்டாமா. வேண்டாம் என்றால் பிரதியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள், ஸ்டாஃப் ரூம் மேசையில் கிடக்க வேண்டாம். புனைபெயர் என்றால் தெரு, வகுப்புப் பிரிவு, ட்யூஷன் சென்டர் போன்ற அடையாளங்களை அவளோடு உட்கார்ந்து மாற்றுங்கள். ‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’ என்று, அதாவது யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று, தொல்காப்பியரே அகத்துக்கு விதி வைத்திருக்கிறார், யாராவது கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

முடிவே இல்லை என்றீர்கள். இருட்டப் போகிறது, காற்றடிக்கிறது, தன் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லியோ சொல்லாமலோ இருக்கிறாள், பக்கத்தில் இருப்பவள் எழுந்து ஓடவில்லை, நாளைக்கு பிசிக்ஸ் டெஸ்ட் என்கிறாள். நாளைக்கும் வகுப்பில் ஒரே பெஞ்சில்தான் உட்காரப் போகிறார்கள். 1969-இல் அந்த நாயைக் கொன்றவருக்குத் தோன்றாத முடிவு இது. ஒற்றுப்பிழை ஏதாவது இருக்கும், அதை மட்டும் பாருங்கள். பென்சிலால்.